கட்டுதலும் இம்சையே



கொல்லாமை என்றவுடன் புலால் மறுத்தலையும், நீரை வடிகட்டிப் பருகுதலையும், இரவில் உண்ணாமையையும் நாம் எண்ணுகிறோம். இவை நம் குடும்பங்கள் வழிவழியாகக் காத்துவரும் நல்லொழுக்கங்கள். ஆயின், தத்துவார்த்த சூத்திரம் அருளிய உமாசுவாமி ஆச்சாரியார், இல்லறத்தாரின் அகிம்சை அணுவிரதத்துக்கு ஐந்து அதிசாரங்களை வகுத்துள்ளார். கட்டுதல், அடித்தல், உறுப்பறுத்தல், அளவுக்கு மீறிச் சுமையேற்றுதல், உணவும் நீரும் தடுத்தல் என்பன அவை. இவ்வைந்தனுள் முதலில் நிற்பது பந்தம், அதாவது கட்டுதல் என்பதை நாம் ஊன்றி நோக்க வேண்டும். ஓர் உயிரைக் கொல்லாமலே அதன் நடமாட்டத்தைப் பறிப்பதும் விரதத்தைப் பழுதாக்கும்.

"அப்படியாயின் குற்றம் செய்தவனைச் சிறையிடல் ஆகாதா?" என்று நம் இளைஞர் வினவலாம். நல்ல வினாவே. குடிகளைக் காத்தல் அரசின் கடமை. ஆனால் உரையாசிரியர்கள் கருணையோடு கூடிய கட்டு வேறு, கருணையற்ற கட்டு வேறு என்று பிரித்துக் காட்டுவர். தக்க காரணமும், கட்டுண்ட உயிரின் நலனில் கவலையும் உள்ளது முன்னது. இவ்விரண்டும் இல்லாதது பின்னது. ஆசிரியப் பயிற்சிக் காலத்தில் நாம் கற்ற முதற்பாடங்களுள் ஒன்று, விசாரிக்கும் முன் தண்டிக்கலாகாது என்பது. காலையில் வெயிலில் நிறுத்தப்பட்ட பிள்ளை குற்றமற்றவன் என்று மாலையில் தெரிந்தால், அவன் நின்ற வெயிலை எவர் மீட்டுத் தருவார்?

திருச்சி மாவட்டம் விரகாலூரில் 1937இல் பிறந்த ஸ்டான் சுவாமி அடிகளாரை நினைத்துப் பார்ப்போம். இயேசு சபைத் துறவியான அவர், ஜார்க்கண்ட் மாநிலப் பழங்குடி மக்களின் நில உரிமைக்காகப் பல்லாண்டுகள் உழைத்தார். விசாரணையின்றிச் சிறையில் வாடிய பழங்குடி இளைஞர்களின் நிலையை ஆராய்ந்து, அவர்களுக்காக உயர்நீதிமன்றத்தையும் நாடினார். அவரையே 2020 அக்டோபர் 8 அன்று தேசியப் புலனாய்வு முகமை ராஞ்சியில் கைது செய்தது. பீமா கோரேகான் வழக்கில், சட்டவிரோத நடவடிக்கைகள் தடுப்புச் சட்டத்தின்கீழ், மும்பையை அடுத்த தலோஜா சிறையில் அடைக்கப்பட்டபோது அவருக்கு வயது 83.

நடுக்குவாத நோயால் கை நடுங்கி, குவளையைப் பிடித்து நீர் பருக இயலாத முதியவர் அவர். உறிஞ்சுகுழலும் உறிஞ்சுகுவளையும் வேண்டுமென்று நவம்பர் 6 அன்று நீதிமன்றத்தில் விண்ணப்பித்தார். மறுமொழி கூறவே முகமைக்கு இருபது நாள் அவகாசம் தரப்பட்டது. ஆச்சாரியார் கூறிய ஐந்தாம் அதிசாரம் இங்கே நம் நினைவுக்கு வரவில்லையா? 2021 மார்ச்சில் பிணை மறுக்கப்பட்டது. மே மாத இறுதியில் மருத்துவமனைக்கு மாற்றப்பட்டார். கொரோனாத் தொற்றும் கண்டிருந்தது. பிணை மனு உயர்நீதிமன்றத்தில் நிலுவையில் இருக்கையிலேயே, ஜூலை 5 அன்று, தம் 84ஆம் வயதில் உயிர் நீத்தார்.

தடைசெய்யப்பட்ட மாவோயிஸ்டு இயக்கத்தோடு அவருக்குத் தொடர்புண்டு என்றது அரசுத் தரப்பு. அவர் மறுத்தார். அநேகாந்தம் கற்ற நாம் இருபக்கமும் கேட்ட பின்னரே முடிவுக்கு வரவேண்டும். அந்தக் கேட்டலே நடைபெறவில்லை என்பதுதான் இங்குள்ள அநீதி. வழக்கின் விசாரணை தொடங்கு முன்னரே அவர் ஆயுள் முடிந்தது. அவர் கணினியிலிருந்த ஆவணங்கள் வெளியிலிருந்து புகுத்தப்பட்டவை என்று அமெரிக்கத் தடயவியல் நிறுவனமொன்று 2022 டிசம்பரில் அறிக்கை தந்தது. பொய்யோலை புனைதல் வாய்மை விரதத்தின் அதிசாரம். அது நிகழ்ந்ததா என்று மன்றத்தில் கேட்டுத் தெளிய அவர் உயிரோடில்லை.

அவர் நம் சமயத்தார் அல்லரே என எண்ண வேண்டா. வினை சமயம் பார்த்து ஒட்டுவதில்லை. செய்தல், செய்வித்தல், உடன்படுதல் என மூவழியாலும் வினை வந்து சேரும் என்பது நம் ஆகமத் துணிபு. நாம் எவரையும் கட்டவில்லை. கட்டுமாறு ஏவவும் இல்லை. ஆனால், ஒருவர் கைதானார் என்ற செய்தியைப் படித்த மாத்திரத்தில், "நெருப்பின்றிப் புகையுமா?" என்று திண்ணையில் அமர்ந்து கூறுகிறோமே, அது மூன்றாம் வழி. நாவினால் நாமும் ஒரு முடிச்சு இடுகிறோம்.

2022ஆம் ஆண்டின் அரசுப் புள்ளிவிவரப்படி, நம் நாட்டுச் சிறைகளில் இருந்தோரில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கினர் விசாரணைக் கைதிகள், தீர்ப்புப் பெறாதவர்கள். ஆகாரம், அபயம், ஔஷதம், சாஸ்திரம் என நால்வகைத் தானம் போற்றும் மரபினர் நாம். அபய தானம் ஆட்டுக்கும் மாட்டுக்கும் மட்டும் உரியதன்று. அச்சத்தில் வாடும் அத்தகைய குடும்பத்தின் பிள்ளைக்குப் பள்ளிக் கட்டணம் செலுத்துதலும், வழக்குரைஞரை நாட உதவுதலும், அண்டை வீட்டார் ஒதுக்கியபோது அவ்வீட்டுப் படியேறி நலம் உசாவுதலும் அபய தானமே.

வரும் தசலட்சண நாள்களில் நோன்பேற்கும்போது, தீர்ப்பறியா எவரையும் குற்றவாளி என நாவால் கட்டுவதில்லை என்னும் ஒன்றையும் சேர்த்து ஏற்போமாக. எல்லா உயிரும் அச்சம் நீங்கி வாழ்க.