உச்சிமுகர்தலும் தந்தைமையும்

சிவமயம்



பயணம் போய் மீண்ட தந்தை, தன் மகவை வாரியெடுத்து மார்போடணைத்து அதன் உச்சியை முகர்தல் நம் முன்னோர் வழக்கம். தமிழ்ப் புலவரும் பெற்றோரது பேரன்பைக் காட்டப் புகுங்கால் உச்சிமோந்தார் என்று கூறுதல் பெருவழக்கு. இஃது உலகவழக்கு மாத்திரமன்று. ஆசுவலாயன கிருகியசூத்திரமானது, பயணத்தினின்றும் மீண்ட தந்தை புதல்வனுடைய தலையைக் கையாற் பற்றி, மந்திரம் உச்சரித்து, மும்முறை உச்சியை முகர்தல் வேண்டும் என விதிக்கின்றது. கண்ணாற் காண்டலும் கையாற் தழுவுதலும் இருக்க, மூக்கினால் முகர்தலை ஒரு கிரியையாக வைத்தது யாது கருதி என்னும் வினா நம்முள்ளத்தே எழுதல் இயல்பு. இக்காலத்து உடல்நூலார் கண்ட சில உண்மைகள் அவ்வினாவிற்கு ஒருவாறு விடை தருகின்றன. அவையே வேறொரு பெருவினாவையும் எழுப்புகின்றன.

அவ்வுண்மைகள் வருமாறு. மகப்பேற்றினால் தாயின் உடல் மாத்திரமன்றித் தந்தையின் உடலும் வேறுபடுகின்றது. 2000ஆம் ஆண்டிலே, கனடா தேசத்து நியூபவுண்ட்லாந்தில் நிகழ்ந்த ஆராய்ச்சி, பேறுகாலம் அணுகுங்கால் ஆடவரிடத்தும் புரோலக்டின் என்னும் ஓமோன் மிகுதலையும், மகவு பிறந்தபின் ஆண்தன்மைக்குரிய டெஸ்டோஸ்டரோன் குறைதலையும் காட்டிற்று. 2011இலே பிலிப்பைன்ஸ் தேசத்துச் செபுவில் வாழும் 624 இளைஞரைப் பற்றிய ஆராய்ச்சி வெளிவந்தது. தந்தையராகாதிருந்து பின்னர்த் தந்தையரானோர்க்கு டெஸ்டோஸ்டரோன் பெரிதுங் குறைந்தது என்றும், நாளொன்றுக்கு 3 மணி நேரமும் அதற்கு மேலும் பிள்ளையைப் பேணியோர்க்கு அது இன்னுந் தாழ்ந்திருந்தது என்றும் அதனால் விளங்கிற்று.

இனி மணத்தைப் பற்றிக் கூறுவாம். தென்னமெரிக்கக் காடுகளிலே மார்மொசெட் என்னும் சிறு குரங்கினம் உண்டு. அதன் ஆண்கள் குட்டிகளை முதுகிற் சுமந்து வளர்ப்பன. தன் குட்டியின் மணத்தை முகர்ந்த 20 நிமிடத்துள் தந்தைக் குரங்கின் டெஸ்டோஸ்டரோன் குறைந்தது என 2008இல் ஆராய்ந்தோர் கூறினர். 2021இலே இஸ்ரவேல் தேசத்து வைஸ்மன் விஞ்ஞான நிலையத்தார், குழந்தைகளின் தலையினின்றும் வெளிப்படும் ஹெக்ஸாடெக்கனால் என்னும் பொருளை மக்களை முகரச் செய்து சோதித்தனர். அது மணமென்று உணரப்படாத ஒரு பொருள். அதனை முகர்ந்த ஆடவர்க்குச் சினந்து தாக்கும் இயல்பு தணிந்தது. பெண்டிர்க்கோ அது மிகுந்தது. இது சோதனைச்சாலையிலே கண்ட முடிபேயன்றி, குழந்தையின் உச்சியை முகர்ந்த தந்தையரிடத்து நேரே கண்டதன்று. ஆயினும் உச்சிமுகர்தல் என்னும் பழவழக்கம் பொருளற்றதன்று எனக் கருத இஃது இடந்தருகின்றது.

டெஸ்டோஸ்டரோன் குறைதல் ஆண்மைக் கேடு என்று எவரும் அஞ்சற்க. போர்க்களத்துக்கு வேண்டுவது வேறு. தொட்டிலினருகே வேண்டுவது வேறு. இரண்டிடத்தும் ஒருவன் ஒரே தன்மையனாய் நிற்பின் அது வீரமன்று; பேதைமையேயாம்.

அற்றேல், தந்தையின் அன்பு மூக்கின் வழியே புகுந்த ஒரு பொருளின் செயலாய் முடியுமன்றோ? கள்ளுண்டான் களித்தல் போல மகவை முகர்ந்தான் அன்பு செய்கின்றான். அதன்கண் அறம் யாது, புண்ணியம் யாது? எனின், அவ்வாறன்று. தனு கரண புவன போகங்களை இறைவன் மாயையினின்றுந் தோற்றுவித்து உயிர்கட்குக் கூட்டியருளினன் என்பது நம் சித்தாந்தம். நாற்றம் பிருதிவியின் சிறப்புக் குணம், அதனைப் பற்றும் மூக்கு ஞானேந்திரியம் ஐந்தனுள் ஒன்று, இவையிரண்டுஞ் சடம். ஓமோன்களும் அவ்வாறே சடம். சடம் கருவியாகுமேயன்றிக் கருத்தாவாகாது. ஏர் செவ்விதாய் அமைந்தமையால் உழவனுடைய உழைப்பு பொய்யாய்விடுமோ? உடல் செவ்விதாய் அமைந்தமையால் தந்தையின் அறமும் பொய்யாகாது.

இன்னும் ஒன்று நோக்குக. ஒளியும் ஒலியும் நெடுந்தொலைவினின்றும் வந்தெய்தும். மகவின் உச்சிமணமோ அதனை மார்பில் ஏந்தினவனுக்கே எட்டும். நெருங்குதல் முன், உடல் மாறுதல் பின். உயிர் சார்ந்ததன் வண்ணமாம் இயல்பினது என்பர் நம் ஆசாரியர். எதனைச் சார்வது என்று துணிதல் உயிரின் இச்சை. அவ்விச்சையின்கண்ணே அறம் நிற்கின்றது.

இதற்குச் சான்றாவதோர் ஆராய்ச்சி 2009இல் வெளிவந்தது. ஆபிரிக்காவிலே தான்சானியா தேசத்தில் ஹட்சா என்னும் வேட்டுவரும் தட்டோகா என்னும் இடையரும் வாழ்கின்றனர். ஹட்சாத் தந்தையர் பிள்ளைகளை எடுத்துப் பேணுவர். தட்டோகாத் தந்தையர் அவ்வளவிற் பேணுவதில்லை. ஹட்சாருள்ளே தந்தையர்க்கு மற்றை ஆடவரினும் டெஸ்டோஸ்டரோன் குறைந்திருந்தது. தட்டோகருள்ளே அவ்வேறுபாடு காணப்படவில்லை. இரு கூட்டத்தாரும் பிள்ளைகளைப் பெற்றவரே. ஆகலின், பெறுதல் மாத்திரத்தால் உடலும் தந்தைமை எய்துவதில்லை. பேணுதலால் எய்தும் என்க.

பேணுதல் பெண்டிர் தொழில், ஆடவர்க்கு இழுக்கு என்பாரும் உளர். சைவர் அங்ஙனங் கூறுதல் தகாது. திரிசிராப்பள்ளியிலே எழுந்தருளிய பெருமான், கருவுற்ற மகளொருத்திக்குத் தாய்வடிவு கொண்டு சென்று பேறுபார்த்தமையாற் தாயுமானவர் எனப் பெயர் பெற்றார். சீகாழியிலே சிவபாதவிருதயர், எவர் தந்த பாலை உண்டாய் எனச் சிறுகோல் ஓங்கித் தம் பிள்ளையாரை அதட்டினார். அவரே பின்னர் அப்பிள்ளையாரைத் தோளிற் சுமந்து சிவதலங்கட்குச் சென்றார். கோல் ஓங்கிய கையும் சுமந்த தோளும் ஒருவருடையனவே. தந்தைமை கோலின்கண் நிறைவுறவில்லை, தோளின்கண் நிறைவுற்றது.

ஆசௌசங் கருதி முப்பத்தோராம் நாட் துடக்குக் கழியுமளவும் தந்தை குழந்தையை அணுகலாகாது என்று சிலர் தடுப்பர். சாதகன்மம் என்னுங் கிரியையோ தொப்புட்கொடி அறுக்குமுன்னரே செய்யத்தக்கது என்று மநு கூறுவர். அதனைச் செய்தற்குரியவன் தந்தை. முதல் நாழிகையிலேயே தந்தையை மகவினருகே நிறுத்திய நூல்களைத் துணையாகக் கொண்டு அவனை விலக்குதல் எங்ஙனம் பொருந்தும்?

வன்னிநாட்டுச் சைவமக்களே! இவ்வாராய்ச்சி நமக்கு வாளா பொழுதுபோக்கன்று. 2009ஆம் ஆண்டு மே மாதம் முள்ளிவாய்க்காலிலே போர் முடிந்தபொழுது தந்தையை இழந்து நின்ற பிள்ளைகள் பலர். செட்டிகுளத்து மனிக் பாம் முகாம் 2012 செப்டெம்பரில் மூடப்பட்டது; அவ்வாண்டுகளிலே தந்தையர் தடுப்பில் இருக்க, அவர் முகமறியாது வளர்ந்த குழந்தைகளும் உளர். காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவினர் 2017 பெப்ரவரி 20ஆம் நாள் கிளிநொச்சிக் கந்தசுவாமி கோயில் முன்றிலே தொடங்கிய போராட்டத்தை நாம் அறிவோம். அன்று தந்தையின் மடியறியாதிருந்த பிள்ளைகளுட் பலர் இன்று தாமே தந்தையராகும் பருவம் எய்தினர். காணாத ஒன்றை யாங்கள் எங்ஙனம் செய்வோம் என்று அவர் உள்ளம் கலங்குதல் கூடும்.

அவர்க்குச் சொல்லத்தக்கது இது: தம்பிமாரே, கலங்கற்க. நீவிர் காணாததை இறைவன் உங்கள் உடலினுள்ளே வித்தாக வைத்தருளினன். முதல்மழை வீழுமளவும் வன்னிமண்ணின் மணம் மண்ணுள்ளே அடங்கியிருத்தல் போல, மகவை ஏந்துமளவும் தந்தைமை உம்முள் அடங்கியிருக்கும். ஏந்துக, நாடோறும் ஏந்துக. நெடுநாட் பிரிந்து மீண்ட தந்தையர், காலங் கடந்ததென்று ஒதுங்கற்க. பயணம் மீண்டார்க்கே உச்சிமுகர்தல் விதிக்கப்பட்டது என்பதை நினைக. மாமன், சிற்றப்பன், பாட்டன் என நின்று பிறர் பெற்ற பிள்ளையை வளர்ப்போர் தம்மைக் குறைந்தவராக எண்ணற்க. பெறாது பேணுவோரிடத்தே இச்சையின் தூய்மை இன்னும் மிக்கு விளங்கும்.

எல்லாவுயிர்க்கும் அம்மையப்பராகிய பெருமான் நம் மனைதோறும் இவ்வறத்தை வளர்த்தருளுக.

திருச்சிற்றம்பலம்.