சிரமத்தைப் புகழலாமா?

முதுமை அடைந்தவர்கள் தாம் பட்ட பாட்டைப் பெருமையாகப் பேசுவது உலக வழக்கு. "அந்தக் காலத்தில் நாங்கள் பட்ட கஷ்டத்தில் கால் பங்கை இந்தக் காலத்துப் பிள்ளைகள் தாங்குவார்களா?" என்று கேட்காத பாட்டனார் எந்த வீட்டில் இல்லை? அப்படிக் கேட்ட அதே வாயால், அந்தக் கஷ்டம் தம் பேரனுக்கு வந்துவிடக் கூடாதே என்று இறைஞ்சுகிறவரும் அவர்தாம். இரண்டும் ஒரே நெஞ்சிலிருந்து வருகின்றன. மன்திக் எனும் தர்க்கக் கலை படித்தவன் இவ்விடத்தில் சும்மா இருக்க மாட்டான். சிரமம் நன்மையானால் அதைப் பேரனுக்கு ஏன் விரும்பவில்லை? அது தீமையானால் அதை நினைத்து ஏன் மகிழ வேண்டும்? என்று மடக்குவான். இக்கேள்வியை ஏட்டில் வைத்துப் பார்ப்பதைக் காட்டிலும் ஒரு மனிதரின் வாழ்வில் வைத்துப் பார்ப்பது மேல் எனத் தோன்றுகிறது.

எங்கள் ஊரில் எண்பது வயதை எட்டிய பெரியவர் ஒருவர் இருக்கிறார். 1960 வாக்கில் லாரியில் கிளீனராகச் சேர்ந்து, 1967-ல் ஓட்டுநராகி, 2003-ல் வண்டியை விட்டு இறங்கியவர். பம்பாயில் உருவான ஃபார்கோவும், கல்கத்தாவுக்கு அருகே உருவான பெட்ஃபோர்டும், எண்ணூரில் உருவான லேலண்டு காமெட்டும் அவர் கைப்பட்டவை. எனினும் அவர் மனம் போய் நிற்கும் இடம் டாடா பென்ஸ்தான். 1954-ல் டாடா நிறுவனம் ஜெர்மனியின் டைம்லர் பென்ஸ் நிறுவனத்தோடு ஒப்பந்தம் செய்துகொண்டு ஜாம்ஷெட்பூரில் லாரிகளைத் தயாரித்தது. 1969-ல் ஒப்பந்தம் முடிந்த பிறகு, முகப்பிலிருந்த மும்முனை நட்சத்திரம் போய் 'டி' என்னும் எழுத்து வந்தது. நட்சத்திரம் வைத்த வண்டியில் அவர் ஒன்பது ஆண்டுகள் பம்பாய்க்குப் போய் வந்திருக்கிறார். அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் தோன்றும் ஒளியை வேறு எந்தப் பேச்சிலும் நான் கண்டதில்லை.

அந்த ஒளிக்குக் காரணமான வண்டி எப்படிப்பட்டது என்பதை வாசகர்கள் அறிய வேண்டும். அக்காலத்தில் தொழிற்சாலையிலிருந்து பெரும்பாலும் சேஸிஸ் மட்டுமே வெளிவரும். இரும்புச் சட்டம், எஞ்சின், சக்கரம், ஸ்டியரிங், அவ்வளவுதான். அதன்மேல் ஒரு பலகையைக் கட்டி, அதில் உட்கார்ந்து, முகத்தைத் துணியால் சுற்றிக்கொண்டு, வெயிலிலும் மழையிலும் நூற்றுக்கணக்கான மைல் ஓட்டி வருவார்கள். பிறகு நாமக்கல், திருச்செங்கோடு போன்ற ஊர்களில் தச்சர்கள் மரத்தால் முன்கூண்டும் பின்பெட்டியும் கட்டுவார்கள். அந்தக் கூண்டுக்குள்ளேயே ஓட்டுநரின் பக்கத்தில் எஞ்சின் இருக்கும். சித்திரை மாதத்தில் அதன் மூடியின்மேல் கை வைக்க முடியாது. பவர் ஸ்டியரிங் கிடையாது. பாரம் ஏற்றிய வண்டியை நின்ற இடத்தில் திருப்ப வேண்டுமானால் இருக்கையை விட்டு எழுந்து, உடம்பின் எடை முழுவதையும் வளையத்தின்மேல் போட வேண்டும். 12 டன் மொத்த எடையை இழுக்க ஏறத்தாழ 100 குதிரைத்திறன். இன்று அதைவிட மிகுந்த திறனுள்ள எஞ்சின்கள் சாதாரணமாக ஓடுகின்றன. அன்றோ, ஏற்றம் வந்தால் வண்டி நடக்கிற மனிதனின் வேகத்துக்கு இறங்கிவிடும். கிளீனர் கையில் கட்டையோடு பின்சக்கரத்தை ஒட்டியே நடந்து வருவான். வண்டி நின்று பின்னோக்கி உருளத் தொடங்கினால் அந்தக் கட்டையைச் சக்கரத்துக்கு அடியில் போடுவது அவன் வேலை. கை தவறினால் என்ன ஆகும் என்பதை எழுத வேண்டியதில்லை.

இவை எல்லாவற்றையும்விட அவர் விரித்துப் பேசுவது கியர் மாற்றும் வித்தையைத்தான். இக்கால கியர் பெட்டிகளில் பற்சக்கரங்களின் வேகத்தை ஒன்றுபடுத்த உள்ளேயே ஏற்பாடு உண்டு. பழைய பெட்டிகளில் அது இல்லை. ஒன்றுபடுத்துவது ஓட்டுநரின் பொறுப்பு. கிளட்சை மிதித்து கியரை நடுநிலைக்குக் கொண்டுவந்து, கிளட்சை விட்டு, கீழ் கியருக்குப் போவதானால் ஆக்சிலேட்டரை அளவாக ஒரு மிதி மிதித்து, மறுபடி கிளட்சை மிதித்து உள்ளே தள்ள வேண்டும். டபுள் கிளட்ச் என்பார்கள். அளவு கூடினாலும் குறைந்தாலும் பல்லோடு பல் அரைக்கும். "இத்தனைக்கும் எஞ்சின் சுற்றை அளந்து சொல்ல முள் ஒன்றும் இருக்காதே, எப்படித் தெரியும்?" என்று கேட்டேன். "ஹஜ்ரத், வண்டியைக் காதுதான் ஓட்டும், கை சும்மா கூட வரும்" என்றார்.

அரபு அறிஞர்கள் இதற்கு ஒரு சொல் வைத்திருக்கிறார்கள்: மலகா. ஒரு செயலைத் திரும்பத் திரும்பச் செய்வதால் ஆன்மாவில் ஊறி உறைந்துவிடுகிற திறன் அது. துணியில் சாயம் ஏறுவதுபோல முதல் முக்கலில் லேசாகவும், பல முக்கலுக்குப் பின் அழியாமலும் நிற்கும். 1332-ல் தூனிஸில் பிறந்த இப்னு கல்தூன் தம் 'முகத்திமா'வில் கைத்தொழில்களைப் பற்றி ஆராயும்போது இச்சொல்லையே அடிப்படையாகக் கொள்கிறார். நற்குணங்களும் இவ்வாறே பழக்கத்தால் படிகின்றன என்பது அஃக்லாக் எனும் ஒழுக்கவியல் எழுதியோரின் கொள்கை. ஆகவே ஒரு லாரி ஓட்டுநரின் காதும், ஒரு நீதிமானின் நேர்மையும் ஒரே பட்டறையில் அடிக்கப்பட்டவை என்று சொன்னால் அது மிகையாகாது.

அதே இப்னு கல்தூன்தான், பாலைவனத்துக் கடினத்தில் வளர்ந்தவர்கள் உறுதியும் துணிவும் உடையோராயிருக்க, நகரத்துச் சுகத்தில் திளைத்தவர்கள் தளர்ந்து போகிறார்கள் என்றும் எழுதினார். நம் பெரியவர் அந்நூலைப் படித்தவரல்லர். ஆனால் கட்சி அதே கட்சி. 2025 அக்டோபர் முதல் நம் நாட்டில் உற்பத்தியாகும் கனரக, நடுத்தர லாரிகளின் ஓட்டுநர் அறையில் குளிர்சாதனம் இருந்தே தீர வேண்டும் என விதி வந்திருப்பதை அவரிடம் கூறியபோது, "குளுகுளுவென்று இருந்தால் தூங்கிவிடுவான், சூடுதான் எங்களை முழிக்க வைத்தது" என்றார்.

இந்த இடத்தில் பெரியவரோடு என்னால் உடன்பட முடியவில்லை. சூடு எவரையும் விழிக்க வைத்ததில்லை, களைக்கத்தான் வைத்தது. களைத்தவன் சூட்டிலும் தூங்கினான், தூங்கிப் புளியமரத்தில் மோதினான். பழைய சாலைகளின் ஓரத்தில் நின்ற மரங்களுக்கு வாயிருந்தால் அவை சொல்லும். 1961-ல் இயற்றப்பட்ட மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம், நாளொன்றுக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம் என்று வேலைக்கு வரம்பு கட்டியது. 5 மணி நேரத்துக்குப் பின் அரை மணி ஓய்வும் கூறியது. அப்படி ஒரு சட்டம் இருந்ததை அவர் வண்டியை விட்டு இறங்கிய பிறகுதான் கேள்விப்பட்டாராம். சென்னையிலிருந்து பம்பாய் 1,300 கிலோமீட்டருக்கு மேல். பெங்களூர், ஹூப்ளி, பெல்காம், கோலாப்பூர், புனே என்று போய், திரும்புகையில் நாசிக் பக்கத்து வெங்காயத்தை ஏற்றினால் அழுகுமுன் இறக்கியாக வேண்டும். வெங்காயத்துக்குத் தொழிலாளர் சட்டம் தெரியாது.

ஆகவே சிரமம் என்று ஒரே பெயரால் நாம் அழைப்பதில் இரண்டு வகை கலந்து கிடக்கிறது. டபுள் கிளட்ச் ஒரு சிரமம். அது மனிதனிடம் கவனத்தைக் கேட்டது, கொடுத்தவனுக்குத் திறனைத் திருப்பிக் கொடுத்தது. எஞ்சின் சூடும், மூன்று இரவு தூக்கமின்மையும், சோதனைச் சாவடியில் ஒரு முத்திரைக்காகப் பகல் முழுதும் காத்துக் கிடந்ததும் வேறு சிரமங்கள். அவை மனிதனிடமிருந்து எடுத்துக்கொண்டவையேயன்றி எதையும் கொடுத்தவையல்ல. வயது ஆக ஆக நினைவு இரண்டையும் ஒரே கட்டாகக் கட்டி, மேலே பெருமை என்ற தார்ப்பாயைப் போட்டு மூடிவிடுகிறது. பெரியவர் நேசிப்பது உண்மையில் முதல் வகையைத்தான். அந்த முதல் வகைக்கு இரண்டாம் வகையே விலை என்று அவர் நம்புகிறார். அந்த விலை தேவையில்லை என்பதே என் கருத்து. குளிர்ந்த அறையில் இருந்துகொண்டும் ஒரு மனிதன் கவனமாயிருக்க முடியும். நம் மதரஸாக்களில் மின்விசிறி வந்த பிறகு இலக்கணம் கெட்டுப்போயிற்று என்று சொன்னவர்களும் இருந்தார்கள்; சர்ஃபும் நஹ்வும் இன்றும் பிழைத்திருக்கின்றன.

ஆனால் கவனம் தானே வந்துவிடாது என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். தருமபுரிக்கும் சேலத்துக்கும் இடையே தொப்பூர்க் கணவாய் இருக்கிறது. அந்த இறக்கத்தில் வண்டியை நியூட்ரலில் விட்டு டீசல் மிச்சம் பிடிப்பது நெடுங்காலத்துப் பழக்கம். கியரில் இருக்கும்போது எஞ்சினே வண்டியைப் பிடித்து நிறுத்துகிறது. நியூட்ரலில் விட்டால் முழுப் பாரமும் பிரேக்கின்மேல் விழுகிறது. டிரம்மும் லைனிங்கும் காய்ந்து, பிடிமானம் போய், மிதி மிதியாக மட்டும் இருக்கும். அதன்பின் முன்னால் போகிற கார்களில் இருப்பவர்கள் யாரோ, எவரோ. பெரியவரின் சூத்திரம் சுருக்கமானது: எந்த கியரில் ஏறுவாயோ அந்த கியரில் இறங்கு. பழைய பெட்டியில் இறக்கத்தில் நியூட்ரலுக்குப் போனவன் மறுபடி கியருக்குள் வருவது பெரும்பாடு. ஆகவே அச்சமே அறமாக நின்றது. புதிய வண்டியில் அந்த அச்சம் இல்லை. காற்று பிரேக்கிலும் பெரிய மாறுதல் வந்திருக்கிறது. முன்பு காற்று இறங்கிவிட்டால் பிரேக் இல்லாமல் போகும். இப்போது காற்று இறங்கினால் சுருள்வில் தானே அழுத்திப் பின்சக்கரங்களைப் பிடித்துக்கொள்ளும். இவ்வளவு பாதுகாப்பும் வந்த பின்னும் தொப்பூரில் விபத்து நின்றபாடில்லை. இரண்டு லிட்டர் டீசலுக்காக அந்நியர் உயிரைப் பணயம் வைக்கிறவனை எந்தச் சுருள்வில்லும் திருத்தாது. சரக்கு மட்டும் அமானத் அன்று. சாலையில் எதிரே வருகிறவனின் உயிரும் ஓட்டுநர் கையில் ஒப்படைக்கப்பட்ட அமானத்தே.

பயணத்துக்கு அரபியில் 'சஃபர்' என்று பெயர் வந்தது, அது மனிதர்களின் குணத்தைத் திரை விலக்கிக் காட்டுவதால்தான் என்று மொழி அறிஞர்கள் விளக்குவர். முகத்திரையை விலக்குதலுக்கும் பயணத்துக்கும் வேர்ச்சொல் ஒன்றே. முப்பத்தாறு ஆண்டுகள் பயணத்திலேயே இருந்த ஒருவருக்குத் தம் குணம் மட்டுமா தெரிந்திருக்கும்? அவர் விட்டுச் சென்ற வீட்டின் குணமும் அல்லவா?

இக்கேள்விக்கு விடை அவரிடமிருந்து வரவில்லை. ஒருநாள் அவர் கோலாப்பூர்ச் சாலையில் ஆக்ஸில் முறிந்து நான்கு நாள் வண்டியடியில் படுத்திருந்த கதையைச் சுவைபடச் சொல்லிக்கொண்டிருந்தார். உள்ளிருந்து அவர் துணைவியாரின் குரல் கேட்டது: "நாலு நாள் இவருக்கு, ஹஜ்ரத். எங்களுக்குப் பதினொரு நாள். கடிதாசியும் இல்லை, போனும் இல்லை. கடையில் கடன் கொடுக்க மாட்டேன் என்றுவிட்டார்கள். மூத்தவனுக்கு அப்போது காய்ச்சல்." குரலில் கோபம் இல்லை; கணக்குச் சொல்கிற குரல். பெரியவர் கொஞ்ச நேரம் பேசவில்லை.

என் கேள்வியே அதோடு மாறிவிட்டது. சிரமம் நன்மையா தீமையா என்று கேட்டுக்கொண்டிருந்தேன். அது யாருடைய சிரமம் என்பதை அதற்கு முன்பே கேட்டிருக்க வேண்டும். தான் சுமந்ததை ஒருவர் புகழ்ந்துகொள்ளலாம். அது அவருடைய உடைமை, அதை அருளாகவே எண்ணி நன்றி செலுத்துவாரானால் தடுக்க நாம் யார்? ஆனால் அந்தப் பயணம் ஒவ்வொன்றிலும் வேறு சிலரும் சுமந்தார்கள். அவர்களைக் கேட்டு யாரும் ஏற்றவில்லை. அவர்கள் பங்கையும் சேர்த்துப் புகழ அவருக்கு உரிமையில்லை. அவர்களாக முன்வந்து புகழ்ந்தால் அது வேறு. அந்த அம்மையார் புகழவில்லை.

பாட்டனாரின் இரண்டு பேச்சுக்கும் இடையே முரண்பாடு இல்லை என்பதும் இதனால் விளங்குகிறது. தம்முடையதைப் புகழ்கிறார், பேரனுடையதைப் புகழ மறுக்கிறார். தர்க்கம் படித்தவன் தோற்றான்.

சிலநாள் கழித்து, மலை ஏறும்போது கட்டையோடு நடந்து வந்த கிளீனர்களைப் பற்றிக் கேட்டேன். அந்த பென்ஸ் வண்டியில் நெடுநாள் இருந்தவன் ஒரு சிறுவன். பன்னிரண்டு பதின்மூன்று வயதிருக்கும். இரவில் வண்டிக்கு அடியில் படுத்து, விடியலில் கண்ணாடி துடைத்து, இவர் சாப்பிட்ட பிறகு சாப்பிட்டவன். அந்த வண்டியின் பதிவெண் பெரியவருக்கு நினைவிருந்தது. இடப்பக்கப் பின்சக்கரத்தில் எந்த ஆணி அடிக்கடி தளரும் என்பதும் நினைவிருந்தது. சிறுவனைத் தம்பி என்றே கூப்பிட்டதால் பெயர் நினைவில்லை என்றார். எந்த ஊர்க்காரன் என்று கேட்டேன். மேட்டூர்ப் பக்கம் என்றார். பிறகு இல்லை, ஓமலூராக இருக்கலாம் என்றார்.