பிறர் ஊர் நம் பிள்ளைக்குப் பெயராகலாமா?

திருத்தணியில் ஓர் அகீகா விருந்துக்கு நாம் சென்றிருந்தோம். பிள்ளைக்கு என்ன பெயர் என்று கேட்டதுதான் தாமதம், வீடு இரண்டுபட்டது. பாட்டனார் 'ஜெய்லானி' என்கிறார். தகப்பனோ, "அது தெருவுக்கு நாலு பேருக்கு இருக்கிறது, யாருக்கும் இல்லாத பெயராக வேண்டும்" என்று 'ஸுஹ்ரவர்தி', 'குறைஷி' என இரண்டைச் சீட்டில் எழுதி வைத்திருக்கிறார். சீட்டு நம் கைக்கு வந்து சேர்ந்தது.

இம்மூன்றில் எதுவுமே தனி மனிதரின் பெயரல்ல. அரபியில் இதை நிஸ்பத் என்பார்கள். இன்ன ஊரார், இன்ன குலத்தார் என்று காட்டும் அடைமொழி. ஜீலானைச் சேர்ந்தவர்கள் என்பதால் முஹ்யித்தீன் அப்துல் காதிர் (ரஹ்) அவர்கள் ஜீலானி. இமாம் புகாரி (ரஹ்) அவர்களின் பெயர் முஹம்மது, தகப்பனார் இஸ்மாயீல். புகாரா அவர்கள் பிறந்த நகர். நாமோ பெயரை விட்டுவிட்டு ஊரை எடுத்துத் தொட்டிலில் இட்டுவிட்டோம்.

திருத்தணிக்காரர்களுக்கு இதை விளக்குவது எளிது. 1960-ல் சென்னை மாநிலத்தோடு சேரும் வரை ஆந்திரத்தின் சித்தூர் மாவட்டத்தில் இருந்த ஊர் அது. தெலுங்கரின் 'இண்டிபேரு' வழக்கம் அவர்கள் அறிந்ததே. 1888-ல் அங்கே பிறந்த டாக்டர் ராதாகிருஷ்ணனின் பெயருக்கு முன்னால் நிற்கும் சர்வபள்ளி, நெல்லூர்ப் பக்கத்தில் அவருடைய முன்னோரின் கிராமம். பிள்ளைக்குச் சர்வபள்ளி என்று மட்டும் பெயரிட்டால், "அந்த வீட்டுப் பிள்ளையா?" என்றுதானே கேட்பார்கள்!

பெரியோர் மீதுள்ள பிரியத்தால் ஜெய்லானி, புகாரி என்று வைப்பதை நாம் குறை சொல்லவில்லை. இந்தப் பிள்ளை புகாராவில் பிறந்தான் என்று எவரும் மயங்கப்போவதில்லை. ஸுஹ்ரவர்தியும் ஈரானிய ஊர்ப் பெயர்தான். ஆனால், அங்கிருந்த மூதாட்டிக்கு மூன்று முறை முயன்றும் அது வாயில் நுழையவில்லை.

குறைஷி என்பது வேறு சங்கதி. அது ஊரல்ல, வமிசம். நபி (ஸல்) அவர்கள் வளர்த்த ஜைத் (ரலி) அவர்களை மக்கள் 'ஜைத் இப்னு முஹம்மத்' என்றே அழைத்து வந்தார்கள். அஹ்ஸாப் அத்தியாயத்தின் 5-ஆம் வசனம் இறங்கியதும், அத்தனை பெரிய பெருமையையும் விட்டு அவர்கள் ஜைத் இப்னு ஹாரிஸாவானார்கள்.

"ஹஜ்ரத், அது வளர்ப்பு மகன் விஷயம். என் பிள்ளைக்கு முன்னெழுத்து என் பெயர்தானே?" என்றார் தகப்பன். நியாயமான கேள்வி. தகப்பனை மறைக்காதவரை இதை ஹராம் என்று நாம் சொல்லத் துணியமாட்டோம். ஆனால், அந்தப் பிள்ளை நாளை வெளிநாடு போவான். அங்கே குறைஷி என்றால் குலப் பெயர் என்றே கொள்வார்கள். "நீங்கள் அந்த வமிசமா?" என்று கேட்கும்போது ஒவ்வொரு முறையும் இல்லை என்று சொல்ல வேண்டும், அல்லது பேசாமலிருக்க வேண்டும். பேசாமலிருப்பது சுலபம். அவனுடைய பேரன் அதை உண்மையென்றே நம்பிவிடுவான். அந்தப் பொய்யைத் தொடங்கி வைத்தவர் யார்?

தகப்பன் பதில் சொல்லவில்லை. "ஜெய்லானி அவர்களிடம் அவ்வளவு பிரியமென்றால், அவர்களுடைய சொந்தப் பெயர் இருக்கிறதே, அப்துல் காதிர்!" என்று பாட்டனாரிடம் சொன்னோம். பெரியவரின் முகம் மலர்ந்தது.

"அது தெருவுக்கு எட்டுப் பேருக்கு இருக்கிறது, ஹஜ்ரத்" என்றார் தகப்பன். ஆனாலும் சீட்டை மடித்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.