வேதத்திற்குப் பொருள் சொல்பவர் யார்?

கொல்கத்தாவின் காளிகாட்டில், காளி தேவியின் ஆலயத்தை அடுத்து ஒரு பழைய கட்டடம் இருக்கிறது. முன்பு அது யாத்திரிகர்கள் தங்கும் சத்திரம். 1952 ஆகஸ்ட் 22 அன்று அங்கே ‘நிர்மல் ஹிருதய்’ என்னும் இல்லம் தொடங்கப்பட்டது. தெருவோரத்தில் கைவிடப்பட்டு மரணத்தை எதிர்நோக்கியிருந்தவர்களை அன்னை தெரசா அங்கே கொண்டுவந்து சேர்த்தார். அந்தப் பணிக்கான அழைப்பை அவர் தம் உள்ளத்தில் உணர்ந்தது 1946 செப்டம்பர் 10 அன்று, டார்ஜிலிங் செல்லும் ரயிலில். ஆனால் அன்றே அவர் தெருவில் இறங்கிவிடவில்லை. ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் காத்திருந்தார்.

ஏன் காத்திருக்க வேண்டும்? ‘இது இறைவனின் ஆணை’ என்று ஒருவர் உணர்வதை உண்மை என்று உறுதி செய்ய வேண்டியவர் யார்? அவரது மனசாட்சியா, அவர் சார்ந்த திருச்சபையா? கிறிஸ்தவ உலகைக் கத்தோலிக்கர் என்றும் புராட்டஸ்டன்டுகள் என்றும் பிரித்த பிணக்கில் இந்த வினாவிற்கு முக்கிய இடம் உண்டு.

இரண்டு அச்சங்கள்

1521-ஆம் ஆண்டு ஜெர்மனியின் வோம்ஸ் நகர அவையில், தம் கருத்துகளைத் திரும்பப் பெறுமாறு மார்ட்டின் லூதரிடம் கேட்கப்பட்டது. போப்பாண்டவரும் சங்கங்களும் தவறக்கூடும், வேதத்தின் சான்றாலும் தெளிவான நியாயத்தாலும் தமது தவறு காட்டப்பட்டால் ஒழிய மனசாட்சிக்கு எதிராகச் செல்ல இயலாது என்று அவர் மறுத்தார். 1546-இல் டிரெண்ட் பொதுச்சங்கம் இதற்கு மறுமொழி கூறியது. திருச்சபை கொண்டுள்ள பொருளுக்கு மாறாக எவரும் தம் சொந்த அறிவை மட்டும் நம்பி வேதத்திற்குப் பொருள் கூறலாகாது என்று அது விதித்தது.

இரு தரப்பிலும் நியாயம் இருக்கிறது. பைபிளில் அடங்கும் நூல்கள் எவை என்ற பட்டியலைப் பைபிளே தருவதில்லை. கத்தோலிக்கர் 73 நூல்களையும் புராட்டஸ்டன்டுகள் 66 நூல்களையும் ஏற்கின்றனர். நூலைத் தொகுத்துக் காத்த சமூகத்தை ஒதுக்கிவிட்டு நூலை மட்டும் எவ்வாறு ஏற்பது என்று கத்தோலிக்கர் கேட்கின்றனர். பொருள் கூறும் உரிமை முழுவதும் ஓரிடத்தில் குவிந்தால், அந்த இடமே பிழை செய்யும்போது அதைத் திருத்துவது யார் என்று புராட்டஸ்டன்டுகள் கேட்கின்றனர். தன் விருப்பத்தையே இறைவாக்கு என்று எண்ணி மயங்குவோமோ என்பது முதல் அச்சம். மனிதரின் ஆணையை இறைவனின் ஆணை என்று எண்ணி அடிமைப்படுவோமோ என்பது இரண்டாவது அச்சம்.

பிரம்ம சூத்திரம் ஒன்றே. அதற்குச் சங்கரரும் ராமானுஜரும் மத்வரும் கண்ட பொருள் வேறு வேறு. ஆகவே இந்த இரு அச்சங்களும் நம் நாட்டிற்கும் புதியவை அல்ல.

ஒரு சொல்லின் விலை

கல்கத்தாவில் 1821-இல் நடந்த ஒரு நிகழ்ச்சி இங்கே நினைக்கத்தக்கது. வில்லியம் ஆடம், வில்லியம் யேட்ஸ் என்ற இரு பாப்டிஸ்ட் பாதிரியார்களும் ராஜா ராம்மோகன் ராயும் புதிய ஏற்பாட்டின் வங்க மொழிபெயர்ப்பைச் சீர்செய்ய ஒன்றாக அமர்ந்தனர். யோவான் நற்செய்தியின் தொடக்கத்தில் வரும் ஒரு சிறு கிரேக்கச் சொல் அவர்களைத் தடுத்து நிறுத்தியது. அனைத்தும் கிறிஸ்து‘வால்’ உண்டாயினவா, கிறிஸ்து ‘வழியாக’ உண்டாயினவா? ‘ஆல்’ என்றால் அவரே படைத்தவர். ‘வழியாக’ என்றால் படைத்தவர் வேறு, அவர் கருவி என்று கொள்ள இடமுண்டு. யேட்ஸ் விலகினார். ஆடமோ ஆராய்ந்து ஆராய்ந்து, மூவொரு கடவுள் கொள்கையையே கைவிட்டு, இறைவன் ஒருவனே என்னும் யூனிடேரியன் கருத்தை ஏற்றார். சகாக்கள் அவரை ‘வீழ்ந்த இரண்டாம் ஆதாம்’ என்று எள்ளினர். பாப்டிஸ்டுகளிடையே அவருக்கு இடமில்லாமல் போயிற்று.

ராம்மோகனுக்கும் இதே அனுபவம் கிட்டியது. 1820-இல் அவர் இயேசுவின் அறவுரைகளைத் தொகுத்து வெளியிட்டபோது சீராம்பூர் மிஷனைச் சேர்ந்த ஜோஷுவா மார்ஷ்மன் கடுமையாக மறுத்தெழுதினார். ராம்மோகன் எழுதிய மறுமொழிகளுள் மூன்றாவதை அச்சிட பாப்டிஸ்ட் மிஷன் அச்சகம் மறுத்தது. அவர் சொந்தமாக அச்சகம் நிறுவி 1823-இல் அதை வெளியிட்டார். ‘வேதம் ஒன்றே அதிகாரம்’ என்றவர்களும், வேதத்திலிருந்து தாங்கள் எதிர்பாராத பொருள் பிறந்தபோது ஓர் அதிகாரத்தையே பயன்படுத்தினர்!

காத்திருந்தவரும் தடுக்கப்பட்டவரும்

மறுபக்கத்தில் பிரம்மபாந்தவ் உபாத்யாயர் நிற்கிறார். பவானிசரண் பானர்ஜி என்ற இயற்பெயர் கொண்ட இவர் 1891-இல் ஆங்கிலிக்கப் பாதிரியாரிடம் ஞானஸ்நானம் பெற்று, அதே ஆண்டில் கத்தோலிக்கரானார். மூவொரு கடவுளைச் சத்து, சித்து, ஆனந்தம் என்ற வேதாந்த மொழியில் விளக்க முயன்றார். போப்பாண்டவரின் பிரதிநிதியாக இந்தியாவில் இருந்த ஜலெஸ்கி, அவரது இதழ்களைக் கத்தோலிக்கர் வாசிக்கலாகாது என்று தடை விதித்தார். 1907-இல் உபாத்யாயர் மறைந்தபோது அவரது உடல் இந்து முறைப்படி தகனம் செய்யப்பட்டது. ஆனால் அவர் இயற்றிய சச்சிதானந்தத் துதி பிற்காலத்தில் இந்தியக் கத்தோலிக்கரின் வழிபாட்டிலேயே இடம்பெற்றது.

அன்னை தெரசாவின் வழி வேறு. பேராயர் பெரியர் அவசரப்படவில்லை. காத்திருக்கச் சொன்னார், வினாக்கள் எழுப்பினார். அன்னை கீழ்ப்படிந்தார், ஆனால் வாய்மூடி இருக்கவில்லை. மீண்டும் மீண்டும் எழுதி வற்புறுத்தினார். 1948 ஏப்ரலில் ரோமாபுரியின் அனுமதி கிடைத்தது. ஆகஸ்டில் அவர் லொரேட்டோ மடத்தை விட்டு வெளியேறினார். பஞ்சத்தையும் கலவரத்தையும் கண்டிருந்த அந்த நகரத்தில், அவர் காத்திருந்த நாட்களில் தெருவில் இறந்தவர்கள் எத்தனை பேர்? கீழ்ப்படிதலைப் போற்றுபவர்கள் இந்த வினாவைத் தவிர்க்கக் கூடாது. சோதிக்கப்படாத உற்சாகம் சில நாட்களில் அணைந்துவிடக்கூடும் என்பதையும் மறக்கக் கூடாது.

தனிமையில் பிறக்காத தெளிவு

இவர்களின் வாழ்வை ஒருங்கே நோக்கினால் ஓர் உண்மை புலப்படுகிறது. மனசாட்சியைப் பின்பற்றிய ஆடம் தனித்திருந்து முடிவு செய்யவில்லை. தம்மோடு மாறுபடக்கூடியவர்களுடன் அமர்ந்து, மூல மொழியின் இலக்கணத்திற்குத் தம்மை உட்படுத்தினார். அதிகாரத்திற்குப் பணிந்த தெரசா மனசாட்சியை அடகு வைக்கவில்லை. உபாத்யாயருக்கு நேர்ந்ததோ, சோதிக்க வேண்டிய அதிகாரம் தடுப்பதோடு நின்றுவிட்ட துயரம். தன்னைப் பிறர் சோதிக்க அனுமதிக்கும் மனசாட்சியும், தன்னை வேதம் சோதிக்க அனுமதிக்கும் அதிகாரமுமே நம்பத்தக்கவை.

இரு பிரிவினரும் இந்தத் திசையில் சில அடிகள் நடந்திருக்கின்றனர். வேதத்திற்குப் பொருள் கூறும் அதிகாரம் வேதத்திற்கு மேற்பட்டதன்று, அதற்கு ஊழியம் செய்வது என்று 1965-இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் அறிவித்தது. தமிழ்நாட்டில் வீரமாமுனிவரும் தரங்கம்பாடி லுத்தரன்களும் நூல்களால் மோதிக்கொண்ட காலம் ஒன்றிருந்தது. அதே தமிழில் 1995-இல், கத்தோலிக்கரும் புராட்டஸ்டன்டுகளும் சேர்ந்து உருவாக்கிய ‘திருவிவிலியம்’ வெளிவந்தது. கருத்து வேறுபாடுகள் தீர்ந்துவிடவில்லை. ஆனால் ஒரே மேசையில் அமர்ந்து ஒரு சொல்லுக்குப் பொருள் தேட முடிந்தது.

காளிகாட்டின் அந்த இல்லம் எந்த வாதத்திற்கும் தீர்ப்புக் கூறுவதில்லை. பசித்தவருக்கும் நோயுற்றவருக்கும் செய்வது தமக்கே செய்வது என்ற இயேசுவின் உபதேசத்தை இரு தரப்பினரும் ஒரே நூலில்தான் வாசிக்கின்றனர். வேதத்திற்கு உரைகாரர் யாராயினும், உரை சரியானதா என்பதை அது வாசிப்பவரை எங்கே அழைத்துச் செல்கிறது என்பதைக் கொண்டும் அறியலாம்.