யாழ்ப்பாணம் எவ்வளவு தூரம்?

சென்னை மீனம்பாக்கத்திலிருந்து யாழ்ப்பாணம் பலாலி விமான நிலையம் ஏறக்குறைய நேர் தெற்கே இருக்கிறது. வான்வழியில் சுமார் 355 கிலோமீட்டர். 2019 நவம்பரில் அலையன்ஸ் ஏர் இந்தத் தடத்தில் ஏடிஆர் விமானத்தை விட்டது. கொரோனாவில் நின்றுபோன சேவை 2022 டிசம்பரில் திரும்ப வந்தது. பறக்கும் நேரம் ஒரு மணிக்குச் சற்றுக் கூடுதல்.

காஞ்சிபுரத்துக்கு மேற்கே, பெரிய ஏரியை வைத்துக்கொண்டிருக்கும் தாமலிலிருந்து ஒரு தறிக்காரர் கிளம்புகிறார் என்று வைத்துக்கொள்வோம். மீனம்பாக்கம் சேரவே எண்பது கிலோமீட்டரை ஒட்டிய சாலை. வெளிநாட்டுப் பயணம் என்பதால் மூன்று மணி நேரம் முன்னதாகப் போய் நிற்கவேண்டும். வானத்தில் ஒரு மணி, தரையில் ஐந்து மணி! அப்படியானால் யாழ்ப்பாணம் அவருக்குப் பக்கமா, தொலைவா?

பண்டைய இந்தியத் தருக்க மரபுகளில் ஒன்றைச் சேர்ந்த வைசேடிகர்கள் இதைத் தத்துவக் கேள்வியாகவே எடுத்துக்கொண்டார்கள். நிறம், சுவை, மணம் போலச் சேய்மையும் அண்மையும் அவர்களுக்குக் குணங்கள். பெயர் பரத்துவம், அபரத்துவம். பாடலிபுத்திரத்தில் நிற்பவருக்குக் காசியைவிடப் பிரயாகை சேய்மை என்பது அவர்கள் மரபில் வழங்கும் உதாரணம். நடுவே ஒன்றையொன்று தொட்டுக் கிடக்கும் பொருள்கள் கூடுதல் என்பதே காரணம். ஆனால் 'இது கூடுதல், அது குறைவு' என்று ஒப்பிடும் அறிவு ஒன்று இல்லாமல் அந்தக் குணம் தோன்றாது என்றும் சொன்னார்கள். காலத்துக்கு வேறு கணக்கு: கதிரவனின் சுழற்சியை அதிகம் கண்டவர் மூத்தவர். இடத்தையும் காலத்தையும் அவர்கள் கலக்கவில்லை. எதிர்க்காற்றில் விமானம் பத்து நிமிடம் தாமதித்தாலும் 355 அப்படியே இருப்பதைப் பார்த்தால், அந்தப் பிடிவாதத்தில் நியாயம் உண்டு.

இந்தத் தருக்கத்தைத் தமிழுக்குக் கொண்டுவந்தவர்களில் ஒருவர், காஞ்சிப் புராணம் பாடிய சிவஞான முனிவர் (மறைவு 1785). அவர் மொழிபெயர்த்த தருக்கசங்கிரகம் காலத்தை நித்தியம் என்கிறது. அவருடைய சைவ சித்தாந்தமோ அதை மாயையில் தோன்றிய தத்துவங்களில் ஒன்றாக வைக்கிறது. ஒப்புக்கொள்ளாத கருத்தையும் ஒழுங்காக மொழிபெயர்த்திருக்கிறார். இன்று அது அபூர்வம். வங்கத்துத் தருக்க அறிஞர் ரகுநாத சிரோமணி இன்னும் துணிச்சல்காரர். சேய்மை, அண்மை என்று தனிக் குணமே தேவையில்லை, இடமும் காலமும் ஈசுவரனிலிருந்து வேறல்ல என்று 16ஆம் நூற்றாண்டிலேயே முடித்துவிட்டார்.

மணிமேகலைக் காப்பியத்திலும் ஒரு வான்பயணம் வருகிறது. புகாரிலிருந்து முப்பது யோசனை தெற்கே, மணிபல்லவத்துக்குத் தெய்வம் நாயகி மணிமேகலையைத் தூக்கிச் செல்கிறது. மணிபல்லவம் யாழ்ப்பாணத்தை அடுத்த நயினாதீவே என்பாருண்டு. பூம்புகாரிலிருந்து நயினாதீவு சுமார் 170 கிலோமீட்டர். சூரிய சித்தாந்தம் பூமியின் விட்டத்தை 1600 யோசனை என்பதால் யோசனைக்கு 8 கிலோமீட்டர். ஆரியபட்டர் 1050 என்பதால் 12. எந்தக் கணக்கும் ஒட்டவில்லை. சுவையானது வேறொன்று: பயணம் முழுக்க மணிமேகலை உறக்கத்தில் இருந்தாள். தூரம் கவிஞருக்குத் தெரியும், போனவளுக்குத் தெரியாது. வைசேடிகர் கேட்ட ஒப்பிடும் அறிவு அங்கே இல்லை. பின்னாளில் வஞ்சியில் ஒரு வைசேடிகவாதியிடமே அவள் பாடம் கேட்டுவிட்டுக் காஞ்சிக்கு வந்தாள்.

காஞ்சிபுரம் மாவட்டத்துப் பரந்தூரில் சென்னையின் இரண்டாவது விமான நிலையம் என்று 2022இல் அறிவித்தார்கள். பலாலியிலிருந்து பார்த்தால் மீனம்பாக்கமும் பரந்தூரும் ஏறத்தாழ ஒரே தூரம்தான். தாமல்காரருக்கோ சாலைப் பயணம் பெருமளவு குறையும். நிலத்தை இழக்கவேண்டிய ஏகனாபுரத்து மக்கள் அன்றிலிருந்து போராடி வருகிறார்கள். அவர்கள் கேட்பது அண்மையை அல்ல, சேய்மையை.