ஜும்ஆ குத்பா: மீஸானும் நம் மின்சாரமும்

எல்லாப் புகழும் அல்லாஹ்வுக்கே. அவனுடைய தூதர் முஹம்மத் (ஸல்) அவர்கள் மீதும், அன்னாரின் குடும்பத்தார், தோழர்கள் மீதும் ஸலவாத்தும் ஸலாமும் உண்டாவதாக.



ஸூரத்துர் ரஹ்மானில் (55:7-9) வானத்தை உயர்த்தியதைச் சொன்ன கையோடு, மீஸானை அமைத்ததையும் அல்லாஹ் சொல்கிறான். அதில் வரம்பு மீறுவதைத் தடுக்கிறான். கடைத் தராசோடு இது முடிந்துவிட்டது என்று எண்ணாதீர்கள். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறத்தாழ 2.3 கிலோ கரியமில வாயு அந்த வானத்தில்தான் போய்ச் சேர்கிறது. காலையில் ஜூஜுவாடி எல்லையைத் தாண்டி பெங்களூர் போகும் வண்டிகளை நினைத்துப் பாருங்கள்.

இதற்கு மாற்று நம் பகுதியிலேயே தயாராகிறது. டிவிஎஸ் ஐக்யூப் 2020இல் வந்தது. ஏத்தர் 2021இல் ஓசூரில் ஆலை திறந்தது. அதே ஆண்டு போச்சம்பள்ளியில் ஓலா ஆலை எழுந்தது. உங்களில் சிலர், அல்லது உங்கள் பிள்ளைகள், இத்தகைய ஆலைகளில் ஷிஃப்ட் பார்க்கிறவர்கள். ஹலாலான சம்பாத்தியத்தோடு படைப்புகளுக்கு நன்மை என்ற நிய்யத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஆனால் மின்சார வண்டிக்குப் புகையே இல்லை என்பது பாதி உண்மைதான். இரவில் நாம் சார்ஜ் போடும் மின்சாரத்தில் பெரும்பங்கு மேட்டூர் போன்ற அனல்மின் நிலையங்களில் நிலக்கரியை எரித்து வருவது. பெட்ரோல் எஞ்சின் எரிபொருளின் சக்தியில் ஏறக்குறைய கால்பங்கைத்தான் சக்கரத்துக்குக் கொடுக்கிறது. மோட்டார் அதைவிடச் சிக்கனம். ஆகவே லாபம் உண்டு. முழு லாபம் வேண்டுமானால் மின்சாரமும் வெயிலிலிருந்து வரவேண்டும்.

நாம் ஜும்ஆவுக்குக் கூடும் நேரம் எது? சூரியன் உச்சியில் இருக்கும் நேரம். பள்ளிவாசலின் எல்லா விசிறிகளும் ஓடுவதும் அப்போதுதான். 10 கிலோவாட் சூரியத் தகடுகள் நல்ல வெயில் நாளில் சுமார் 40 யூனிட் தரும். சந்தாப் பணம் அமானத். அதில் மின்கட்டணத்துக்குப் போவதைக் குறைக்க வழி இருந்தும் தேடாமல் இருப்பதற்கு என்ன பதில் வைத்திருக்கிறோம்? வீடுகளுக்கும் வழி உண்டு: 2024இல் தொடங்கிய பிரதமரின் சூரிய வீடு திட்டத்தில் 3 கிலோவாட்டுக்கு ரூ.78,000 மானியம்.

வெயில் இலவசம்தானே என்று ஏசியை 18இல் வைப்பவர்களும் இருக்கிறார்கள். நபி (ஸல்) அவர்கள் ஒரு முத்து தண்ணீரில், அதாவது முக்கால் லிட்டருக்கும் குறைவான நீரில், உளூச் செய்ததாக அனஸ் (ரலி) அறிவிக்கிறார்கள் (புகாரீ, முஸ்லிம்). நம் ஹவுளுக்குப் பக்கத்துக் குழாயைப் பாருங்கள்.

இந்த வாரமே முதவல்லியிடம் ஓராண்டு மின்கட்டண ரசீதுகளைக் கேளுங்கள். மொட்டை மாடியில் நிழல் விழாத இடம் எவ்வளவு என்று அளக்கச் சொல்லுங்கள். சிப்காட்டில் எலக்ட்ரீஷியனாக இருப்பவர் நம் ஸஃப்களில் ஒருவராவது இருப்பார்.