எந்தப் பூச்சு அசல்?

அன்னூர்ப் பக்கத்துத் தொட்டிக்கட்டு வீடுகளின் சுவரில் காகிதம் ஒட்டும் வழக்கமில்லை; சுண்ணாம்புதான். கொஞ்சம் நீலம் கலந்து, பொங்கலுக்குக் காப்புக் கட்டும் முன் வெள்ளையடித்துவிடுவார்கள். அப்படியொரு வீட்டைப் பழைய நிலைக்குக் கொண்டுவர வேண்டுமென்றால் முதல் வேலை சுரண்டுவது. பூச்சுப் பூச்சாக உரித்து ‘அசல்’ வரும்வரை போவது. எது அசல் என்று முடிவு செய்வது யார்?

இங்கிலாந்தின் சுவர்த்தாள்களுக்கும் இந்தக் கேள்வி உண்டு. வில்லியம் மோரிஸின் நிறுவனத்துக்காக லண்டனின் ஜெஃப்ரி அண்ட் கோ, ஒரு நிறத்துக்கு ஒரு மரஅச்சு என்று கையால் தாள் அச்சிட்டது. அதே மோரிஸ்தான் 1877இல் பழங்கட்டடப் பாதுகாப்புச் சங்கத்தைத் தொடங்கினார். மீட்டமைப்பு என்ற பெயரில் பிற்காலத்தவரின் வேலையை அழிக்கக் கூடாது என்பது அவர் வாதம். 1883இல் அவர் மகள் மே ‘ஹனிசக்கிள்’ என்ற தாளை வரைந்தார். கடையின் பெயர் அப்பாவின் பெயர் என்பதால் மகளின் கை எளிதில் மறைந்துபோகிறது. அச்சுக்கட்டையைப் பிடித்தவர்களின் பெயரைக் கேட்பாரே இல்லை.

மேயின் பெயரையாவது தேடி எடுத்துவிடலாம். வெள்ளையடித்தவள் விட்டுப்போனது மெல்லிய ஒரு படலம் மட்டுமே. வீட்டைக் கட்டியவர் ஒருமுறை கட்டினார். ஆண்டுதோறும் அதை வீடாக நிறுத்தியது அவள் கை. நாம் சுரண்டிக் கொட்டுவது அதைத்தான்.

அந்த வேலையைப் புனிதமாக்கச் சொல்லவில்லை. சுண்ணாம்பு கையைப் புண்ணாக்கும். கண்ணில் பட்டால் பார்வையையே கெடுக்கும். வெளிச்சுவருக்கு அடித்த பலரைச் சாதி உள்ளே விட்டதில்லை. “பெயிண்ட் அடித்துவிட்டால் வருசா வருசம் இந்தப் பாடு இல்லை” என்று அவள் சொன்னால், மரபின் பெயரால் அதைத் தட்டிவிட நமக்கு உரிமையில்லை. மரபை ரசிப்பவர் ஒருவர், சுமப்பவர் இன்னொருவர் என்றால் அதற்குப் பாதுகாப்பு என்று பெயரில்லை.

எனவே இரண்டு காரியம் செய்யலாம். ஒவ்வொரு அறையிலும் ஒரு முழ அகலமாவது சுரண்டாமல் விடலாம். எல்லாப் பூச்சும் அங்கே சாட்சியாக இருக்கட்டும். பிளாஸ்டிக் பெயிண்ட் மண்சுவரின் ஈரத்தை உள்ளேயே அடைத்துவிடும், சுண்ணாம்பே வேண்டும் என்றால், அதை அடிக்கும் பெண்ணுக்குக் கொத்தனார் கூலி கொடுக்க வேண்டும். சித்தாள் கூலியைக் கொடுத்துவிட்டு மரபைப் பற்றிப் பேசுவது நியாயமல்ல.